வெட்கத்துக்குக் கொடுத்த 14 மாதங்கள்



இம்முறை எழுதப்போகும் விடயத்தை எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாட்களாக யோசித்தேன். மார்பகப் புற்றுநோய் பற்றியும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றியும் நாம் இப்போது ஓரளவு வாய் திறந்து பேசுகிறோம். இன்று எழுதுவது ஆண்களுக்கு வரும் ஒரு புற்றுநோயைப் பற்றி. ஆண்குறியில் வரும் புற்றுநோய்.

பெண்கள் வாசிக்கும் சஞ்சிகையில் இது எதற்கு என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் இந்த நோயைப் பல வீடுகளில் முதலில் மோப்பம் பிடிப்பது பெண்தான். சாரம் துவைப்பவள் அவள். கறையைக் காண்பவளும் அவள். கணவன் திடீரென்று தள்ளிப் படுக்கத் தொடங்கினால், காரணம் தெரியாமல் மனதுக்குள் குமைபவளும் அவள்தான். ஆகவே இதை உங்களுக்குத்தான் எழுத வேண்டும்.

ஒரு அக்காவின் கதையிலிருந்து தொடங்குகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம்.

ஷெல்லுக்குத் தப்பியவர்

அக்கா பிறந்தது இரத்தினபுரி மாவட்டத்தில், கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில். 1981 ஆகஸ்டில் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நடந்த வன்செயலில் லயம் எரிந்தது. ஆறு வயதுப் பிள்ளையாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனார். அங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களோடு வளர்ந்து, கிளிநொச்சியில் கலியாணம் முடித்தார். பிறகு நடந்தது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடம்பெயர்வுக்கு மேல் இடம்பெயர்வு. 2009 இல் மெனிக் பாம் முகாம். மூத்த மகனை வழியிலேயே இழந்தார். முகாமிலிருந்து வெளியில் வந்தபோது போக ஊர் இல்லை. கேகாலை மாவட்டத்தில் யட்டியாந்தோட்டைப் பக்கம் இறப்பர் தோட்டத்தில் இருந்த சின்னம்மா மகள் "இங்க வந்துடு அக்கா" என்று கூப்பிட்டார். கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து பால் வெட்டுகிறார்.

கணவர் மூன்று முறை ஷெல் வீச்சில் தப்பியவர். முதுகில் இன்னும் சன்னத் துண்டு இருக்கிறது. பங்கருக்குள் கிடந்து மற்றவர்களின் காயத்துக்குத் துணி கட்டிவிட்டவர். அப்படிப்பட்ட மனிதர், ஆண்குறியின் நுனியில் வந்த ஒரு மிளகு அளவுப் புண்ணை 14 மாதங்கள் யாரிடமும் காட்டவில்லை.

"சாவுக்குப் பயப்படாத மனுஷன் மிஸ். வெக்கத்துக்குப் பயந்துட்டாரு" என்றார் அக்கா.

முதலில் சிவப்பாக ஒரு தடிப்பு. வலி இல்லை. வலிக்காததால் அவரும் பொருட்படுத்தவில்லை. பிறகு முன்தோல் பின்னால் போகாமல் இறுகியது. உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. கடையில் வாங்கிய பூச்சு மருந்து பூசினார். பக்கத்துக் கிராமத்தில் எண்ணெய் வாங்கிப் பார்த்தார். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகலாம்தான். ஆனால் அங்கே துண்டு எழுதுகிறவர் அடுத்த லயத்துக்காரர். வாசல் வாங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் காலையில் பெரட்டுக் களத்தில் பக்கத்தில் நிற்பவர்கள். "எதுக்கு வந்தே?" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

அக்காவுக்குச் சந்தேகம் வந்தது சாரத்தில் இருந்த கறையால். கூடவே ஒரு துர்நாற்றம். வேறு பெண்ணிடம் போய் வாங்கி வந்த நோயோ என்று நினைத்து இரண்டு மாதம் பேசாமல் இருந்தாராம். அந்த இரண்டு மாதமும் 14 மாதத்துக்குள் அடக்கம். "அத நெனச்சாத்தான் இன்னிக்கும் மனசு கேக்கல" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் அடைத்தது.

நான் தடுமாறிய சொல்

கடைசியில் அக்காதான் என்னிடம் வந்தார். கணவர் வன்னியில் வளர்ந்தவர், சிங்களம் தெரியாது. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க ஒரு ஆள் வேண்டும் என்றார். போனேன். சமூகவியல் படித்தவள், பத்து வருடங்களாகக் குடும்பங்களோடு வேலை செய்பவள், எனக்கு என்ன கூச்சம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சத்திரசிகிச்சை நிபுணர் கேட்ட முதல் கேள்வியை அந்த மனிதரிடம் தமிழில் கேட்க வாயெடுத்தபோது எனக்குச் சொல் வரவில்லை. "அந்த இடத்துல..." என்று இழுத்தேன். அவர் தரையைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அக்காதான் நேராகச் சொன்னார்: "ஆண்குறியில புண்ணு எப்ப வந்துச்சுன்னு டொக்டர் கேக்குறாரு. சொல்லுங்க."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் பேசத் தொடங்கினார். இதை நான் மறக்கவே மாட்டேன். ஒரு உறுப்புக்கு மரியாதையான பெயர் இருந்தும் அதைச் சொல்ல நமக்கு நாக்குக் கூசுகிறது. சொல்ல முடியாத இடத்தில் வந்த நோயை எப்படிக் காட்டுவது?

சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். இதைப் பயொப்சி என்பார்கள். முடிவு புற்றுநோய் என்று வந்தது. அதற்குள் அது தோலைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது. குறியின் முன்பகுதியை அகற்ற வேண்டியதாயிற்று. நல்ல காலம், தொடை இடுக்கிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவில்லை. இன்று அவர் உயிரோடு, வேலை செய்துகொண்டு இருக்கிறார்.

ஆனால் அன்று அந்த வைத்தியர் சொன்ன வாக்கியத்தை நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. "ஆரம்பத்திலேயே வந்திருந்தால் உறுப்பை எடுக்காமலே சுகப்படுத்த வழிகள் இருந்தன. லேசர் ஒரு வழி." அதைச் சொன்னதும் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் உங்களுக்குப் பயன்படக்கூடியதை இங்கே தருகிறேன்.

இது என்ன நோய்?

இது அபூர்வமான நோய்தான். 2020 ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 36,000 ஆண்களுக்கு இது வந்ததாகச் சர்வதேசக் கணக்கெடுப்பு சொல்கிறது. பணக்கார நாடுகளில் குறைவு. இந்தியா, பிரேசில், உகண்டா போன்ற நாடுகளில் அதிகம். ஏழ்மையும் தண்ணீர் வசதியும் இந்த நோயோடு சம்பந்தப்பட்டவை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கே கூடுதலாக வருகிறது. ஆனால் முப்பது, நாற்பதுகளிலும் வருவதுண்டு.

இதற்கு முக்கியமான காரணங்கள் நான்கு. ஒன்று, முன்தோல் பின்னால் போகாமல் இறுகியிருப்பது. அப்படி இருந்தால் உள்ளே அழுக்குச் சேர்ந்து, தோல் நாட்பட அழற்சியடைகிறது. இரண்டு, சுத்தக் குறைவு. மூன்று, புகைத்தல். பீடி, சுருட்டு, சிகரெட் எல்லாம் இதில் ஒன்றுதான். நான்கு, பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் அதே எச்.பி.வி. என்ற வைரசு. இந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அந்த வைரசு காணப்படுகிறது. பிள்ளைப் பருவத்திலேயே சுன்னத்துச் செய்யும் சமூகங்களில் இந்த நோய் மிக அரிது.

இனி நம் லயத்தை நினைத்துப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதற்குள் தாய், தகப்பன், பிள்ளைகள், சில வீடுகளில் மாமியாரும். குளிப்பது ஊரே பார்க்கும் பீலியில். ஆண்கள் கோவணத்தோடோ சாரத்தோடோ நின்று தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். முன்தோலைப் பின்தள்ளி உள்ளே கழுவ அங்கே ஏது மறைவு? தன் உடம்பைத் தானே பார்க்கக்கூட ஒரு மனிதனுக்கு ஒரு கதவு வேண்டும். முகாம்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு மறைவிடம் வேண்டும் என்று நாம் கூட்டம் போட்டுக் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆண்களுக்கும் அது வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. குளியலறை என்பது மானப் பிரச்சினை மட்டும் அல்ல, அது சுகாதாரப் பிரச்சினை.

புதுச்சேரியிலிருந்து வந்த செய்தி

முன்பெல்லாம் இந்த நோய்க்குப் பெரும்பாலும் மருந்து வெட்டுவதுதான். புற்று கண்ணுக்குத் தெரியும் எல்லையிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் நல்ல பகுதியையும் சேர்த்து வெட்ட வேண்டும் என்பது பல காலமாக இருந்த விதி. சிறிய உறுப்பில் இரண்டு சென்ரிமீற்றர் என்றால் பலருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

அந்த விதி உண்மையில் தேவையா என்று கேட்டவர்களில் நமக்கு அருகில் இருந்தவர்களும் உண்டு. புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் பேராசிரியர் ஆனந்தகிருஷ்ணனும் அவருடைய சகாக்களும் அகற்றப்பட்ட 64 ஆண்குறிகளை நுணுக்குக்காட்டியில் வைத்து, புற்று கண்ணுக்குத் தெரிவதற்கு அப்பால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளந்தார்கள். 2000 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அதிக வேகமில்லாத புற்றுக்கு 10 மில்லிமீற்றர் போதும், வேகமான புற்றுக்கு 15 மில்லிமீற்றர் போதும் என்று காட்டினார்கள். எண்ணில் பார்த்தால் சிறிய வித்தியாசம். நின்றுகொண்டு சிறுநீர் கழிப்பதா, காலமெல்லாம் உட்கார்ந்து கழிப்பதா என்பது அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு, புதுவை ஏழை விவசாயிகளும் கூலிக்காரர்களும் வந்துபோகும் அரசாங்க மருத்துவமனை அது. உலக வைத்தியர்கள் இன்றும் அந்த ஆய்வை எடுத்துச் சொல்கிறார்கள்.

குறைத்து வெட்டுவது ஒருபுறமிருக்க, வெட்டாமலே பார்க்கலாமா என்ற கேள்வியும் உண்டு. அதற்கான வழிகளில் ஒன்றுதான் லேசர்.

லேசர் என்ன செய்கிறது?

லேசர் என்பது ஒரே திசையில் குவிந்து பாயும் மிகச் செறிவான ஒளி. முதல் லேசரை அமெரிக்காவில் மைமன் என்பவர் 1960 இல் இயக்கிக் காட்டினார். சத்திரசிகிச்சையில் பெரிதும் பயன்படும் கரியமிலவாயு லேசரை 1964 இல் கண்டுபிடித்தவர் குமார் பட்டேல். மகாராஷ்டிர மாநிலத்தின் பாராமதியில் பிறந்து, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர்.

நம் உடம்புக் கலங்களில் பெரும்பகுதி தண்ணீர். கரியமிலவாயு லேசரின் ஒளியைத் தண்ணீர் உடனே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ஒளி பட்ட இடத்துக் கலம் நொடியில் ஆவியாகிப் போகிறது, அதற்கு அடியில் உள்ளது தப்பிவிடுகிறது. மெல்லிய படலம் படலமாக நோயை எடுக்கலாம். நியோடிமியம் யாக் என்ற இன்னொரு வகை லேசர் சில மில்லிமீற்றர் ஆழத்துக்கு இறங்கி, புற்றை அவித்துவிடும். இரண்டு லேசர்களையும் சேர்த்துப் பயன்படுத்தும் வைத்தியர்களும் உண்டு. இரத்தம் அதிகம் போகாது. முதல் வகையில் புண் ஆற மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். இரண்டாவது வகையில் இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். உறுப்பு உருவம் மாறாமல் இருக்கும். உணர்ச்சியும் தாம்பத்தியமும் பெரும்பாலானவர்களுக்குக் காப்பாற்றப்படும்.

சிகிச்சைக்கு முன் அந்த இடத்தில் வினாகிரியில் இருக்கும் அதே அமிலத்தைத் தடவிப் பார்ப்பார்கள். நோயுள்ள தோல் வெள்ளையாகத் தெரியும். கருப்பைக் கழுத்தையும் இப்படித் தடவிச் சோதிக்கும் முறை இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சோதனைகூட ஒன்றுதான் பாருங்கள்.

இதையெல்லாம் நான் அக்காவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பால் வெட்டுற மாதிரிதான் மிஸ். பட்டைய மட்டும் சீவணும், கத்தி மரத்துல படக்கூடாது. மரத்துல பட்டா அந்த எடம் முடிச்சு விழுந்துரும்." இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது.

லேசருக்கும் ஒரு விலை உண்டு

நல்லதை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்றக் கூடாது. லேசர் எல்லோருக்கும் ஏற்றதல்ல. நோய் மேல்தோலிலேயே இருப்பவர்களுக்கும், சிறிதாக, அதிகம் ஆழம் போகாமல், வேகம் குறைந்த வகையாக இருப்பவர்களுக்கும்தான் அது பொருந்தும். பயொப்சி செய்யாமல் இதைத் தீர்மானிக்க முடியாது. உள்ளே இறங்கிவிட்ட புற்றுக்கு லேசர் உதவாது. அங்கே வெட்டுவதுதான் உயிரைக் காக்கும் வழி. அக்காவின் கணவருக்குச் செய்ததும் சரியான சிகிச்சைதான்.

இன்னொன்று. லேசர் செய்த இடத்தில் நோய் திரும்ப வரும் வாய்ப்பு, வெட்டியவர்களைவிட அதிகம். வெட்டியவர்களில் பொதுவாக நூற்றுக்குப் பத்துக்குள்தான் திரும்புகிறது. லேசர் செய்தவர்களில் சில ஆய்வுகள் பத்திலொருவர் என்கின்றன, சில ஆய்வுகள் ஏறத்தாழப் பாதிப்பேர் என்றும் சொல்கின்றன. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அதே இடத்தில் திரும்ப வந்ததை உடனே கண்டுபிடித்தால் மறுபடியும் சிகிச்சை செய்யலாம். அதனால் ஆயுள் பெரிதாகக் குறைவதில்லை. உயிருக்கு ஆபத்து தொடை இடுக்கின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும்போதுதான். ஆகவே முதல் இரண்டு வருடமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்து வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போயே ஆக வேண்டும். இடையில் வீட்டிலும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கிளினிக்குப் போக முடியாதவருக்கு லேசர் நல்ல தெரிவு அல்ல.

தோட்டத்தில் ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் பேர் போகிறது. வைத்தியம் இலவசம்தான், ஆனால் பஸ்சும் சாப்பாடும் இழந்த சம்பளமும் இலவசம் இல்லை. இதையும் கணக்கில் வைத்தே குடும்பமாக முடிவெடுக்க வேண்டும். வைத்தியரிடமும் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் லேசர் இருக்காது. லேசர் மட்டும்தான் உறுப்பைக் காக்கும் வழி என்றும் நினைக்க வேண்டாம். நோய் முன்தோலில் மட்டும் இருந்தால் அந்தத் தோலை நீக்குவதே போதுமாகலாம். மேல்தோல் நோய்க்குப் பூசும் களிம்பு இருக்கிறது. மொட்டின் மேல்தோலை மட்டும் உரித்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டும் முறை இருக்கிறது. கதிர்ச் சிகிச்சையும் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் நிபந்தனை ஒன்றுதான்: நேரத்துக்கு வர வேண்டும். இந்த நோயுடையவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் ஐம்பது பேர் வரை ஒரு வருடத்துக்கு மேல் தாமதித்தே வருகிறார்கள் என்று மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. நம் லயத்தில் மட்டும் இல்லை, உலகமெங்கும் ஆண்கள் இப்படித்தான்.

நாம் செய்யக்கூடியவை

அறிகுறிகளை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்குறியில் ஆறாத புண், சிவந்த தடிப்பு, பாலுண்ணி போன்ற வளர்ச்சி, முன்தோலுக்குள்ளிருந்து துர்நாற்றமுள்ள கசிவு, இரத்தம், முன்பு பின்னால் போன தோல் இப்போது போகாமல் இறுகுவது, தொடை இடுக்கில் கட்டி. இவற்றில் ஏதாவது மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வலி இல்லை என்பதற்காகச் சும்மா இருக்கக் கூடாது. ஆனால் புண் எல்லாம் புற்றும் அல்ல. பெரும்பாலானவை கிருமித் தொற்று, சில நாள் மருந்தோடு ஆறிவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டக் கூச்சமாக இருந்தால் நேரே அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் பெரிய வைத்தியசாலைகள் இருக்கின்றன. "ஆண் வைத்தியரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று கேட்பதில் தவறில்லை. தேவைப்பட்டால் அங்கிருந்து மஹரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். இரத்தினபுரியிலிருந்து அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போகும் நெடுஞ்சாலையே மஹரகமவைத் தாண்டித்தான் போகிறது. வடக்கில் இருக்கும் சகோதரிகளுக்குத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்து அதற்கு நிதி திரட்டியது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

பயொப்சி முடிவு வந்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? தொடை இடுக்கைப் பரிசோதித்தீர்களா? உறுப்பைக் காத்துச் சிகிச்சை செய்ய முடியுமா, அதற்கு எங்கே போக வேண்டும்? இவற்றைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. உங்கள் உரிமை.

கணவரைப் பராமரிப்பதால் இந்தப் புற்றுநோய் உங்களுக்குத் தொற்றாது. துணி துவைக்கலாம், ஒன்றாகச் சாப்பிடலாம். ஆனால் எச்.பி.வி. வைரசு தாம்பத்திய உறவில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகக்கூடியது. அதனால் நீங்களும் சுவநாரிக் கிளினிக்கில் பாப் சோதனை செய்துகொள்ளுங்கள். வைரசு இருபது, முப்பது வருடங்களுக்கு முன் வந்ததாகவும் இருக்கலாம். யார் யாரிடமிருந்து வாங்கினார் என்று தோண்டித் துருவிச் சண்டை போட இதில் ஒன்றும் இல்லை. நம் நாட்டில் 2017 முதல் ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் இந்த வைரசுக்கு எதிரான தடுப்பூசி போடுகிறார்கள். மகள்மாருக்குத் தவறாமல் போட்டுவிடுங்கள்.

ஆண் பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு சொல். சிறு குழந்தைக்கு முன்தோல் பின்னால் போகாமல் இருப்பது இயற்கை. அதைப் பலவந்தமாக இழுக்கக் கூடாது. வெளியில் மட்டும் கழுவினால் போதும். வளர வளரத் தானாகத் தளரும். அதன் பிறகு, குளிக்கும்போது மெதுவாகப் பின்தள்ளித் தண்ணீரால் கழுவ வேண்டும் என்று பழக்குங்கள். தகப்பன் இருந்தால் அவர் சொல்லட்டும். தகப்பன் இல்லாத வீட்டில் தாய்தான் சொல்ல வேண்டும். நம்மில் எத்தனை பேர் தகப்பன் இல்லாத ஆண் பிள்ளைகளை வளர்க்கிறோம்! பல் துலக்கச் சொல்வது போல இதையும் சொல்லுங்கள். பதினாறு, பதினேழு வயதிலும் இறுக்கமாகவே இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இழந்தவர்களின் வீட்டில்

சிகிச்சையில் உறுப்பை இழந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. யுத்தத்தில் காலை இழந்தவர்களோடு நாம் வாழ்கிறோம். அவர்களுக்குச் செயற்கைக் கால் உண்டு, உதவித் திட்டம் உண்டு, நாலு பேர் வந்து ஆறுதல் சொல்வார்கள். இந்த இழப்புக்கு ஆறுதல் சொல்லவும் ஆளில்லை. அது வெளியில் தெரியவும் கூடாது. அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மூன்று மாதம் லயத்து வாசலுக்கு வரவில்லை. "நான் ஆம்பிள இல்லாமப் போயிட்டன்" என்று ஒரு நாள் சொன்னாராம். அதற்கு அக்கா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"2009 ல நந்திக்கடல் பக்கம் என்னையும் பிள்ளையையும் தோள்ல தூக்கிட்டு வந்தீங்களே, அன்னிக்கு எத வெச்சு ஆம்பிளயா இருந்தீங்க? அது இன்னும் இருக்குதானே?"

அவர் அழுதாராம். மறுநாள் காலையில் பீலிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாராம்.

பகுதி மட்டும் அகற்றப்பட்டவர்களில் பலரால் நின்றபடியே சிறுநீர் கழிக்க முடியும். தாம்பத்தியமும் முற்றாக முடிந்துபோவதில்லை. இதைப்பற்றிக் கிளினிக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்தே வைத்தியரிடம் கேட்கலாம். மனம் தளர்ந்து, சாப்பாடு தூக்கம் இல்லாமல் இருந்தால் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

போன மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அக்கா ஒரு செய்தி சொன்னார். மேல் லயத்தில் ஒரு பெண், கணவனுக்கு இப்படி ஒரு புண் இருப்பதாக அவரிடம் வந்து மெதுவாகச் சொன்னாளாம். மறுநாளே அக்காவின் கணவர் அந்த மனிதரைத் தானே பஸ்சில் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். பரிசோதித்ததில் அது புற்று இல்லை. நீரிழிவால் வந்த தொற்று. களிம்போடும் மாத்திரையோடும் சுகமாகிவிட்டது. யாருக்கும் தெரியாமல் நீரிழிவும் இருந்திருக்கிறது, அதற்கும் இப்போது மருந்து எடுக்கிறார்.

"வந்து எத்தன நாளுன்னு அவர்கிட்ட கேட்டேன் மிஸ்" என்றார் அக்கா. "ஒம்பது நாளுன்னாரு."

சகோதரிகளே, 14 மாதத்துக்கும் ஒன்பது நாளுக்கும் நடுவில் இருந்தது ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் வாய் திறந்த அந்தச் சில நிமிடங்கள்தான். இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். வீட்டில் உள்ள ஆண் எடுத்து வாசிக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். கேட்டால் பதில் சொல்லுங்கள். அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான்.

அடுத்த மாதம் சந்திப்போம்.